டீவியைக் குறைங்க, மிஸ்ஸி வந்திருக்காங்க

போன மாதம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒரு கூட்டம். புதிதாக வேலைக்கு வந்த மிட்வைஃப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நாள். ஓய்வு பெற்ற இரண்டு பேர் வந்து அனுபவம் பேச வேண்டுமாம். என்னோடு கூப்பிடப்பட்டவர் முழங்கால் வலி என்று வரவில்லை. எனக்கும் அதே முழங்கால் வலிதான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குக் கோழிக்கறி என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்றை என் கையிலும் தந்தார்கள். கீரை சாப்பிடுங்கள், இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு குடிக்காதீர்கள், எல்லாம் சரி. கடைசிக்கு முந்திய வரியில், 'அனர்த்தங்கள், விபத்துகள் பற்றிய செய்திகளைப் பார்ப்பதைத் தவிர்க்கவும்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே வந்துவிட்டது.

பக்கத்திலிருந்த பிள்ளை, "ஏன் மிஸ்ஸி, எழுத்துப் பிழையா?" என்று கேட்டாள்.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு மகள். இதே வரியை நானும் ஒருத்திக்கு உத்தரவாப் போட்டிருக்கேன். அவ செஞ்சது ஞாபகம் வந்துச்சு, சிரிச்சிட்டேன்."

"என்ன செஞ்சாங்க?"

அதற்குள் கோழிக்கறி வந்துவிட்டது. கோழிக்கறியை எதிரில் வைத்துக்கொண்டு யாரும் அனுபவம் கேட்பதில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

தெரணியகலைப் பக்கத்தில் ஒரு தோட்டம். மேலே தேயிலை, கீழே றப்பர். அதில் முப்பத்திரண்டு வருஷம் மிட்வைஃபாக இருந்தேன். பெயர் பிலோமினா. ஆனால் ஞானமுத்து ஐயாவைத் தவிர யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் மிஸ்ஸிதான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றரை வருஷம் கை கழுவினோம். நடுநடுவே குழந்தைகள் பிறந்தன.

ஞானமுத்து ஐயா தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பொறுப்பானவர். லயத்து ஆட்களுக்கு அவர் டொக்டர் ஐயா. ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் கோடு போடும் ஒரு சின்ன மரஅடிமட்டம். அந்த அடிமட்டம் எதற்கு என்று முதல் வாரம் எனக்குப் புரியவில்லை. காலை பஸ்ஸில் பேப்பர் வந்ததும் புரிந்தது. ஐயா நேராக விபத்துச் செய்திப் பக்கத்துக்குப் போவார். அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வாசிப்பார். நோயாளியின் வாயில் தெர்மோமீட்டர் இருக்கும். "கொஞ்சம் இருங்க" என்பார். வாயில் தெர்மோமீட்டரை வைத்துக்கொண்டு இருக்காமல் என்ன செய்வது?

வாசித்து முடித்ததும் கோபம் வரும். செத்தவர்களுக்காக அல்ல, எழுதினவன்மேல்.

"பஸ் கவுண்டுச்சுன்னு எழுதியிருக்கான் பிலோமினா. எந்த வளைவுன்னு எழுதல. ஏறும்போதா, இறங்கும்போதா? ஒண்ணும் இல்ல. இதெல்லாம் ஒரு செய்தியா?"

பிறகு மருந்து எழுதும் துண்டுத் தாளை எடுத்து, பின்பக்கத்தில் வளைவை வரைவார். இங்கே பாலம், இங்கே பள்ளம், இங்கே டிரைவர் கியர் மாற்றியிருக்க வேண்டும். ஒரு தடவை அந்தப் படத்தையே மருந்துத் துண்டு என்று நினைத்து ஒரு அம்மா டவுனுக்குக் கொண்டுபோய்விட்டார். பார்மசிக்கார நானா டிஸ்பென்சரிக்கு போன் எடுத்தார். "ஐயா, எல்லா மருந்தும் எங்கிட்ட இருக்கு. இது என்ன, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

இந்த மனிதருக்கு நெஞ்சே கிடையாது என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். வெளிநாட்டில் கப்பல் மூழ்கினால் ஐயா வரைய மாட்டார். கொழும்பில் தீப்பிடித்தாலும் வரைய மாட்டார். எங்கள் பக்கத்து ரோட்டில் பஸ் விழுந்தால் மட்டும்தான் வரைவார். அவருடைய மகள் ருவான்வெல்லையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், தினமும் அந்த ரோட்டில் பஸ்ஸில் போய் வருகிறவள். ஒரு நாள் படத்தை வரைந்து முடித்து, "எங்க பஸ் டிரைவர் இந்த எடத்துல சரியா கியர் மாத்துவான். நான் பாத்திருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துண்டை மடித்துப் பையில் வைத்தார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று கேட்ட நோயாளியின் முகம் அவருக்கு.

நான் வேறு ஜாதி. டீவியில் கெட்ட செய்தி என்றால் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். "சோறு பாத்துட்டு வர்றேன்" என்பேன். "சோறு வெந்து மூணு மணி நேரமாச்சு" என்பார் என் வீட்டுக்காரர். பிறப்பைப் பார்க்கிற வேலை என்னுடையது, மற்றதை வேறு யாராவது பார்க்கட்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

ஆனால் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது இந்தத் தோட்டத்திலேயே அதிகம் தெரிந்தவள் நான்தான். அதற்குக் காரணம் என் பையிலிருந்த குழல்.

வயிற்றில் இருக்கும் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க எங்களிடம் ஒரு சின்னக் குழல் இருந்தது. ஒரு முனை விரிந்திருக்கும், மறுமுனை தட்டையாக இருக்கும். தாயைப் படுக்க வைத்து, முதலில் கையால் தடவிப் பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். முதுகு இருக்கும் பக்கத்தில் குழலின் விரிந்த முனையை ஊன்றி, தட்டையான முனையில் காதை வைத்து, குழலிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். கை பட்டால் நம் துடிப்பே கேட்கும். பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். தூரத்தில் யாரோ கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்த மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு லயத்து டீவி பெரிய எதிரி.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து ஒற்றையறை வீடு, ஒவ்வொன்றும் ஒரு காம்பரா. ஒரு காம்பராவில் டீவியைக் குறைத்தால் போதாது. சுவர் மேலே கூரை வரை போகாது. பக்கத்துக் காம்பரா சத்தம் அப்படியே இறங்கும். அதனால் நான் குழலை எடுத்தால் வீட்டுக்காரி சுவரைத் தட்டுவாள். "டீவியைக் குறைங்க, மிஸ்ஸி வந்திருக்காங்க!" அடுத்த வீட்டுக்காரி அதற்கடுத்த சுவரைத் தட்டுவாள். அப்படியே பத்துக் காம்பராவும் அடங்கும். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் பத்து டீவியும் ஒன்றாக எழும்பும். எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று அப்போது தெரிந்துவிடும். அப்பர் டிவிஷன் லயத்தில் பாக்கியம் என்று ஒருத்தி. எந்த நாட்டில் எந்தத் துயரம் நடந்தாலும் டீவி முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவாள். "அழுதாத்தான் மிஸ்ஸி எனக்குச் சோறு இறங்குது" என்பாள். நன்றாகவே இறங்கும்.

பாக்கியத்தின் சுவருக்கு இந்தப் பக்கக் காம்பராதான் ரெஜினாவின் வீடு.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலம். அஞ்சாறு நாள் விடாமல் பெய்தது. ரெஜினாவுக்கு இருபத்து மூன்று வயது. தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். புருஷன் மைக்கேல் றப்பர் பால் வெட்டுகிறவன், வாய் திறந்து பேசாத நல்ல பையன். மாமியார் சவுரியம்மா பேசுகிறவர். ரெஜினாவின் தாய்வீடு இரண்டு மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு தோட்டத்தில். அம்மாவும் தம்பியும் அங்கே இருந்தார்கள்.

அந்தத் தோட்டத்தில் மண் சரிந்தது. மலையிலிருந்து மண் இறங்கி ஒரு லயத்தை மூடிவிட்டது என்று டீவியில் சொன்னார்கள். எந்த லயம் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்துப் போன் கோபுரம் வேலை செய்யவில்லை. ரோடு இரண்டு பக்கமும் அடைபட்டுப் போயிருந்தது.

மைக்கேல் டிஸ்பென்சரிக்கு ஓடி வந்து, "மிஸ்ஸி, ரெஜினா சாப்பிட மாட்டேங்குறா. அம்மா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான். அவன் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போய்ப் பார்த்தேன். பிரஷர் நூற்று ஐம்பதுக்கு நூறு. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருந்தது. பிரஷர் இப்படி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எந்த ரோட்டில் அனுப்புவது? தோட்டத்து ஆபீஸ் போனில் ஆஸ்பத்திரிக்குப் பேசினோம். மாத்திரை கொடுங்கள், இடது பக்கமாகப் படுக்க வையுங்கள், காலையும் மாலையும் பிரஷர் பாருங்கள், ரோடு திறந்ததும் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

டீவியின்மேல் ஒரு பழைய சேலை மூடியிருந்தது. சவுரியம்மா என்னை வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். "வயித்துப் புள்ளக்காரி இதெல்லாம் பாக்கப்படாது மிஸ்ஸி. வயரைக் கழட்டி ஒளிச்சு வச்சிட்டேன். நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க."

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. எனக்குத்தான் கெட்ட செய்தி என்றாலே குசினி ஞாபகம் வருமே. உள்ளே போய் உத்தரவு போட்டேன். "ரெஜினா, டீவி பாக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்கும் போகக் கூடாது. மாத்திரையப் போட்டுட்டுப் படுக்கணும். வெளங்குதா?"

"சரிங்க மிஸ்ஸி" என்றாள். அவ்வளவு லேசாகச் சரி என்றதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பிரஷர் நூற்று அறுபதுக்கு நூறு. டீவி பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். மாதா மேல் சத்தியமாக இல்லை என்றாள். சவுரியம்மாவும், "நான் காவலுக்கு உக்காந்திருந்தேன் மிஸ்ஸி. கட்டிலை விட்டு எறங்கல" என்றார். குனிந்து மாத்திரை கொடுக்கும்போதுதான் அவள் காதைப் பார்த்தேன். காதைச் சுற்றி வட்டமாகச் சிவந்த ஒரு தடம். வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம், கவராயம் வைத்து வரைந்த மாதிரி.

தலையணையைத் தூக்கினேன். அடியில் ஒரு சில்வர் டம்ளர்.

டம்ளரின் வாயைச் சுவரில் வைத்து அடியில் காதை வைப்பார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் திருப்பி, அடியைச் சுவரில் வைத்து வாயைக் காதில் வைத்திருக்கிறாள். முப்பது வருஷம் குழல் பிடித்தவள் வந்து போகும் வீட்டிலேயே! எனக்குக் கோபம் வந்த மாதிரியும் இருந்தது, சிரிப்பு வந்த மாதிரியும் இருந்தது. பாக்கியத்தின் டீவியை ராத்திரி பகலாகச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறாள்.

"ஏன்டி இப்படி?" என்றேன்.

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆட்கள் அழுற சத்தம் வருது மிஸ்ஸி. யார்னு தெரியல. முகம் தெரியாம கேட்டா, எல்லாருமே எங்க அம்மா மாதிரியே அழுறாங்க."

டிஸ்பென்சரிக்குத் திரும்பி ஐயாவிடம் சொன்னேன். புத்திமதி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மருந்துத் துண்டைத் திருப்பி வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார்.

"அவ அம்மா இருக்கிறது எந்த லயம்? சரிவுக்குக் கீழயா, பக்கவாட்டுலயா? லயத்துக்கும் மலைக்கும் நடுவுல மழைத்தண்ணி ஓடுற கான் இருக்கா? கான் எவ்வளவு ஆழம்?"

"ஐயா, அந்தப் புள்ளைக்குப் பிரஷர் நூத்தி அறுபது. நான் போய்க் கான் ஆழம் கேக்கவா?"

"கேக்காம எப்படி நான் வரையிறது?"

இந்த மனிதரோடு வாதாட முடியாது. பின்னேரம் போனபோது, வேறு பேச்சு ஒன்றும் கிடைக்காமல் கேட்டேன். "ரெஜினா, டொக்டர் ஐயா கேக்குறாரு. ஒங்க அம்மா லயத்துக்குப் பின்னாடி கான் இருக்கா?"

இரண்டு நாளாக எல்லாரும் அவளிடம் அழாதே, நினைக்காதே, பார்க்காதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். கான் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர்ச் செம்பில் விரலை நனைத்து, கட்டில் பலகையில் கோடு போட்டாள். "இது மலை. இது பெரிய கான், ஆள் இறங்கினா தெரியாது. இங்க தண்ணித் தாங்கி. எங்களது கடைசிக் காம்பரா. காத்துக்குக் கூரைத் தகரம் பறக்குதுன்னு தம்பி மூணு லொறி டயர் தூக்கிப் போட்டிருக்கான். வேற எந்தக் கூரைலயும் டயர் கெடையாது." பிறகு என் கையைப் பிடித்தாள். "அழுறவங்களைப் பாக்கணும்னு எனக்கு ஆசை இல்ல மிஸ்ஸி. அந்தக் கூரை இருக்கான்னு மட்டும் பாத்துக்குறேன்."

நான் போட்ட உத்தரவை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். சவுரியம்மாவிடம் போய், "வயரைக் குடுங்கம்மா" என்றேன்.

அவர் அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை. "தர மாட்டேன்."

"நான் பக்கத்துல இருக்கேன்."

"ஒங்களுக்குத் தெரியாது மிஸ்ஸி. எனக்குத் தெரியும்." ஊதுகுழலைக் கீழே வைத்தார். "மைக்கேலுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு இருந்துச்சு. ஏழு மாசம். எங்க அண்ணன் பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் கல் தோண்டுற கிடங்குல வேலை. கிடங்கு இடிஞ்சுருச்சுன்னு கணக்கப்பிள்ளை வீட்டு ரேடியோல சொல்றாங்கன்னு ஓடினேன். போகாதேன்னு மாமியா சொன்னாங்க. கேக்காமப் போய் நின்னேன். அண்ணன் பேரை வாசிச்சான். ரெண்டு நாள்ல என் புள்ளை செத்துப் பொறந்துச்சு. 'ஒன் காதாலதான்டி புள்ளையக் கொன்னே'ன்னாங்க மாமியா. அதுக்குப் பொறகு நான் ரேடியோப் பக்கம் போனதில்ல. இந்த டீவியும் இவ கொண்டு வந்ததுதான்."

ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கு வந்தது வேலைதான். கர்ப்பிணி அட்டையில் கேட்கும் கேள்விகளை, நான் வேலைக்கு வருவதற்கும் முந்திய ஒரு கர்ப்பிணியிடம் கேட்டேன்.

"அப்ப கால் வீங்கியிருந்துச்சா?"

"காலா? கையே வீங்கி வளையல் எறங்காம, கல்லால தட்டி ஒடைச்சோம்."

"எப்ப? அண்ணன் செய்திக்குப் பொறகா, முன்னாடியா?"

யோசித்தார். "முன்னாடி. மாதா திருநாளுக்கு வளையல் இல்லாமப் போனேன். கிடங்கு இடிஞ்சது அதுக்கு ஒரு கெழமை கழிச்சு."

"தலைவலி?"

"மண்டை வெடிக்கும். கொழுந்து ரெண்டு ரெண்டாத் தெரியும். கண்ணு எங்க இருக்குன்னு கங்காணி ஏசுவாரு."

"அதுவும் முன்னாடியே?"

"முன்னாடியே."

"அது பிரஷர் அம்மா. ரெஜினாவுக்கு இப்ப இருக்கே, அதேதான். ஒங்களுக்குப் பாக்க ஆள் இல்ல, மாத்திரை இல்ல. ரேடியோவுக்கு முன்னாடியே அந்த நோய் வந்துருச்சு. ஒங்க காது ஒண்ணும் செய்யல."

சவுரியம்மா என்னையே பார்த்தார். அழவில்லை. "வளையல் ஒடைச்சப்பவேவா?" என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து மூலைக்குப் போனார். அரிசி டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. வயரை உதறி, முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். ஒரு அரிசி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

டீவியைப் போட்டோம். ரெஜினா இடது பக்கமாகப் படுத்துக்கொண்டு பார்த்தாள். சவுரியம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கூரையைத் தேடுகிறோம் என்ற செய்தி சுவர்களைத் தட்டித் தட்டி லயம் முழுக்கப் போய்விட்டது. பத்து நிமிஷத்தில் காம்பரா நிறைய ஆள். பாக்கியம் தன் டீவியை அணைத்துவிட்டு இங்கே வந்துவிட்டாள்.

காட்டினது ஒரே படம். மண்வெட்டி இயந்திரம், சேறு, முன்னால் நின்று அழுகிற ஒரு பெண், பிறகு பெரிய குடைக்குள் ஒரு பெரிய மனிதர். குடைக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கி தெரிகிறது. தாங்கிக்கு அடுத்தது லயம். அதற்குள் குடை வந்து மறைத்துவிடும். பெரிய மனிதர், "கலபல வென்ன எப்பா" என்பார், பதற்றப்பட வேண்டாம் என்று சிங்களத்தில். படம் முடிந்துவிடும். அரை மணிக்கு ஒரு தடவை அதையே போட்டார்கள்.

"அந்தக் குடையை மடக்கச் சொல்லுங்கடா!"

"கேமராவ எடது பக்கம் திருப்பு! ஐயோ, எடது பக்கம்!"

"அந்த அக்கா கொஞ்சம் குனிஞ்சா தெரியும்" என்றாள் பாக்கியம். ஊர் துயரத்துக்கெல்லாம் அழுகிறவள், அன்று ஒரு சொட்டு அழவில்லை. கழுத்தை நீட்டி நீட்டித் தேடிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தடவை பெரிய மனிதர் வாயைத் திறப்பதற்கு முன்பே காம்பரா முழுவதும் சேர்ந்து, "கலபல வென்ன எப்பா!" என்றது. ரெஜினா சிரித்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன்.

பொழுது சாய்வதற்கு முன்னால் புதுப் படம் வந்தது. மழை விட்டிருந்தது. குடை மடங்கியிருந்தது. தாங்கி, லயம், கடைசிக் காம்பரா, கூரை. கூரையில் கறுப்பாக வட்டம்.

"டயர்! டயர்!"

"எத்தனை?"

"ரெண்டு."

"மூணுன்னுதானே சொன்னா? அப்ப அது வேற லயம்."

பெரிய சண்டையாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஞானமுத்து ஐயா குடையோடு வந்து சேர்ந்தார். தன் படத்துக்கு விவரம் போதவில்லையாம். விஷயம் கேட்டதும் டீவிக்கு முன்னால் குந்தி, அடுத்த தடவை படம் வரும்வரை காத்திருந்து, கண்ணாடித் திரையில் அடிமட்டத்தை வைத்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தாங்கியிலிருந்து காம்பராக்களை எண்ணினார். "கடைசிக் காம்பராதான். மண் பெரிய கான்ல எறங்கி அதோட நின்னிருக்கு. இந்த லயத்துக்கு ஒண்ணும் இல்ல."

அதுவரை சுவரைப் பார்த்திருந்த சவுரியம்மா அப்போது திரும்பினார். "எங்க, காட்டுங்க" என்றார்.

ரெஜினா அன்று சோறு சாப்பிட்டாள். மறுநாள் காலை பிரஷர் நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. கூரையைப் பார்த்ததால் இறங்கியதா, மாத்திரையால் இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. முழுப் பெருமையும் மாத்திரைக்கே என்று ஐயா சொன்னார். மாத்திரையை டிஸ்பென்சரியிலிருந்து எடுத்துத் தந்தது அவர்.

மூன்றாம் நாள் ரோடு திறந்தது. தோட்டத்து லொறியில் மெத்தை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே இருக்கும்போதே அம்மாவும் தம்பியும் பள்ளிக்கூடத்து முகாமில் பத்திரமாக இருப்பதாக போன் வந்தது. மூன்றாவது டயர் அதற்கு முந்தின மாதமே கழன்று உருண்டுபோய்விட்டதாம். மூன்று வாரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது, நல்ல கனம்.

பிள்ளைக்கு மூன்று மாதமானபோது ரெஜினா தாய்வீட்டுக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். அங்கே கோயிலில் நன்றிப் பூசை. பூசை முடிந்து, மூடிப்போன லயத்து ஆட்களுக்குப் போட்டிருந்த தற்காலிக வீடுகள் பக்கம் போனோம். தனலெட்சுமி என்ற ஒருத்தி ரெஜினாவைப் பார்த்து ஓடி வந்து பிள்ளையை வாங்கினாள். எனக்கு அவளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். குடைக்கு முன்னால் நின்று அழுதவள்.

பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அவள் கேட்டாள். "ரெஜினா, டீவில என்னைக் காட்டினாங்களாமே. பாத்தியா?"

"பாத்தோம் அக்கா."

"எங்க வூட்டுக்காரர் போட்டோவ நேராத் தூக்கிப் பிடிச்சிருந்தேன். அப்ப அவரை இன்னும் மண்ணுக்குள்ளருந்து எடுக்கல. எங்கயாவது ஆஸ்பத்திரில இருந்தா யாராவது பாத்துச் சொல்லுவாங்கன்னுதான் பிடிச்சேன். போட்டோ தெரிஞ்சுச்சா?"

நன்றாகத் தெரிந்தது என்று சொல்ல என் வாய் தயாராகிவிட்டது. மிட்வைஃப் வேலையில் நல்ல பொய்கள் நிறையப் பழக்கம். ஆனால் ரெஜினா முந்திக்கொண்டாள்.

"இல்லக்கா. நாங்க ஒங்களுக்குப் பின்னாடி எங்க கூரையத் தேடிக்கிட்டு இருந்தோம். ஒங்க கையப் பாக்கவே இல்ல."

தனலெட்சுமி பிள்ளையின் காலைப் பிடித்து மடியில் நேராக வைத்துக்கொண்டாள்.

"நானா இருந்தாலும் அதைத்தான் தேடியிருப்பேன்" என்றாள். பிறகு, "இப்பப் பாக்குறீங்களா?" என்றாள்.

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டு வந்தாள். ஸ்டூடியோவில் எடுத்த படம். மூலையில் சேற்றுக் கறை. ஒரு ஆள் கோட் போட்டு, காகிதப் பூச்சாடிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். "கோட் ஸ்டூடியோக்காரனோடது. கை நீளம், விரலே தெரியல பாருங்க" என்றாள்.

"பேரு என்ன?" என்று கேட்டேன்.

"சிவலிங்கம். கிட்ட வச்சுப் பாருங்க மிஸ்ஸி. சிரிக்கிறது தெரியும்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தார்.